கில்டோனான் பள்ளத்தாக்கின் பெயரேடுகள்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்தார் குடிவழி நூல் ஒன்று தொகுத்து வெளியிட எண்ணியிருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். அது குறித்துச் சில மொழிகள் கூறுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தார்கள். நம் குலத்தின் பழம்பெருமையை யாம் எடுத்து முழங்குவோம் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் சற்றே ஏமாற்றம் அடையக்கூடும். பெருமை பேசுதற்கு எம்மினும் வல்ல நாவலர்கள் இவ்வவையிலேயே உளர். யாம் இன்று எடுத்துக்கொண்டது நம் நாட்டுச் செய்தியன்று. பிரித்தானியத் தீவின் வடபால், குளிர்காற்றும் சதுப்பு நிலமும் மிக்க ஸ்காட்லாந்து நாட்டில், நாட்டுப்புறத்து எளிய உழவன் ஒருவனுடைய வழித்தோன்றல் தன் பாட்டன் பூட்டன் பெயரை எங்ஙனம் தேடிக் காண்கிறான் என்பதே எம் பொருள்.

அந்நாட்டை நாடியது ஏன் என்று வினவலாம். காலின் மெக்கன்சி என்பாரை நம்மவர் மறந்திலர். அவர் ஸ்காட்லாந்தின் மேற்கடலிலுள்ள லூயிஸ் தீவில், ஸ்டார்னோவே என்னும் ஊரில் 1754-ஆம் ஆண்டில் பிறந்தவர். கும்பினியார் படையில் பொறியாளராகச் சென்னைக்கு வந்து, 1815-இல் இந்தியாவின் முதல் நில அளவைத் தலைவராக உயர்ந்து, 1821-இல் மறைந்தார். காவலி வேங்கட பொரய்யா முதலாய துணைவர்களைக் கொண்டு ஊர் வரலாறு, கோயில் வரலாறு, பாளையக்காரர் வமிசாவளி, சாதி வரலாறு என்று அவர் திரட்டிய சுவடிகளுட் பல சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ளன. பல குலத்தாரும் தத்தம் பெருமைக்கு மேற்கோளாகக் காட்டுவன பெரும்பாலும் அவையே. நம் குடிவழிகளைத் தேடித் தொகுத்தவருடைய நாட்டார் தங்கள் குடிவழியை எவ்வாறு காத்தனர் என்று அறிய விரும்பியதே எம் ஆராய்ச்சியின் தொடக்கம்.

முதற்கண் பாரிஷ் என்பதைச் சொல்லல் வேண்டும். ஒரு திருக்கோயில், அதனைச் சூழ்ந்த பல சிற்றூர்கள், ஒரு குருவானவர், அவருக்குத் துணையாக மூப்பர் சிலர், ஒரு பள்ளிக்கூடம் இவையெல்லாம் சேர்ந்தது ஒரு பாரிஷ். இத்தகையன அந்நாட்டில் 900-க்கு மேல் இருந்தன. குழந்தை திருமுழுக்குப் பெற்றதும், திருமணத்திற்கு ஓலை வாசிக்கப்பெற்றதும், இறந்தாரை அடக்கம் செய்ததும் கோயில் ஏட்டில் எழுதப்பெறும். இவ்வேடுகளுள் மிகப் பழையது பெர்த் கோட்டத்தைச் சார்ந்த எரல் என்னும் பாரிஷினது. அது 1553-இல் தொடங்குகின்றது. எல்லாப் பாரிஷும் எரல் ஆகுமோ? வடக்கு மலைநாட்டில் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முன் ஒரு வரியும் எழுதாத பாரிஷ்கள் பல. எழுதியவற்றுள்ளும் குழந்தையின் தாய் பெயரை விட்டொழித்தன சில. அடக்கத்தைக் குறியாதன மிகப் பல.

இவ்வேடுகளை எழுதியவர் யார்? பெரும்பாலும் அவ்வூர்ப் பள்ளியாசிரியரே. பாரிஷ்தோறும் ஒரு பள்ளி வேண்டும் என்று 1696-ஆம் ஆண்டில் அந்நாட்டார் சட்டம் செய்தனர். ஆசிரியருக்கு ஊதியம் சிறிது; ஆகவே மூப்பர் மன்றத்தின் எழுத்தராகவும் இருந்து, பெயர் பதிவதற்குச் சில காசு பெற்று அவர் வாழ்ந்தார். பகலெல்லாம் பிள்ளைகளோடு கத்திவிட்டு, மாலையில் விளக்கடியில் ஊர்ப்பெயர்களை எழுதிய அந்த எளியவர்க்கு ஆசிரியராகிய யாம் ஒரு வணக்கம் செலுத்துதல் தகும். அவர் பிழையாக எழுதிய பெயர்களுக்காக இன்று பலர் அவரைக் கடிந்துகொள்கின்றனராம். காசு குறைந்தால் எழுத்தும் குறையும் என்பது யாம் அறியாததன்று.

காசு என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகின்றது. 1783-இல் அரசினர், ஏட்டில் பதியும் ஒவ்வொரு பெயருக்கும் மூன்று பென்னி வரி விதித்தனர். வரியைக் கொடுக்க மனமில்லாதார் பதியாமலே விட்டனர். 1794-இல் அவ்வரி நீங்கிற்று. அப்பதினோராண்டில் பிறந்தாருட் பலருடைய வழித்தோன்றல்கள் ஏட்டைப் புரட்டிப் புரட்டிக் காணாது திகைக்கின்றனர். அங்ஙனமே 1843-இல் அந்நாட்டுத் திருச்சபை பிளவுபட்டு, குருமார் 400-க்கு மேற்பட்டோர் வெளியேறித் தனிச்சபை கண்டனர். மலைநாட்டு மக்கள் பெருவாரியாக அவர் பின் சென்றனர். அவர்தம் குழந்தைகளின் பெயர் பழைய ஏட்டில் ஏறவில்லை. ஏட்டில் இல்லை என்பதனால் ஒருவன் பிறக்கவில்லை என்றாகாது. இதனை நம் தொகுப்பாளர் கருத்திற் கொள்க.

1855-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாளிலிருந்து பதிவை அரசினரே மேற்கொண்டனர். முதலாண்டுப் பதிவைப் போல் நிறைந்த பதிவு எந்நாட்டிலும் அரிது. குழந்தை பிறந்தால் பெற்றோரின் வயது, அவர் பிறந்த ஊர், மணந்த நாள், முன் பிறந்த பிள்ளைகளின் தொகை எல்லாம் எழுதவேண்டும். இறந்தால் மக்கள் பெயரும் அடக்கம் செய்த இடமும் எழுதவேண்டும். எழுதுவோர் இளைத்துப்போயினர், மறு ஆண்டே பலவற்றைக் குறைத்துவிட்டனர். ஆயினும் ஒன்றைக் குறைக்கவில்லை. இறந்தவர் எத்துணை முதியவராயினும் அவருடைய தந்தை பெயரும், தாய் பெயரும், அத்தாய் பிறந்த வீட்டுக் குடிப்பெயரும் எழுதப்பெற்றன. ஆகவே 1860-இல் எண்பது வயதில் இறந்த ஒரு மூதாட்டியின் பதிவு, 1780-க்கு முன் மணந்த இருவரின் பெயரை நமக்குக் காட்டிவிடும். அறிந்து சொன்னவர் தவறாகச் சொல்லியிருத்தலும் உண்டு. பாட்டியின் தாய் பெயரைப் பேரன் எவ்வளவு அறிவான்? அதனாற்றான் சொன்னவர் யார், இறந்தார்க்கு அவர் என்ன உறவு என்பதும் அதிலே எழுதப்பட்டுள்ளது.

தாயின் பிறந்த வீட்டுப் பெயர் என்றோமே, அதனைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அந்நாட்டில் மணமான பெண் தன் பிறந்த குடிப்பெயரை இழப்பதில்லை. ஏட்டிலும் கல்லறையிலும் அவள் இன்னாள் மகளாகவே நிற்கிறாள். கணவன் பெயர் பக்கத்தில் நிற்கும். நம் வீடுகளில் ஏழு தலைமுறை ஆடவர் பெயரை ஒரே மூச்சில் சொல்லும் முதியவர்களை யாம் கண்டுள்ளோம். அவர்தம் தாயின் தாய் பெயர் யாது என்று கேட்டால் உத்தரத்தை நோக்குவர். யாமும் அவ்வாறு நோக்கியவரே. எம் தாயைப் பெற்ற அம்மையாரை ஊரார் அவர் பிறந்த ஊர்ப்பெயரால் அழைத்தனர். இயற்பெயரை எம் நாற்பதாம் வயதிற்குப் பின்னரே கேட்டறிந்தோம்.

பெயரிடும் முறையில் அவர்க்கும் நமக்கும் வியக்கத்தக்க ஒப்புமை உண்டு. தலைமகனுக்குத் தந்தையைப் பெற்ற பாட்டன் பெயர். இரண்டாம் மகனுக்குத் தாயைப் பெற்ற பாட்டன் பெயர். மூன்றாமவனுக்கே தந்தை பெயர். பெண்மக்களுள் மூத்தவளுக்குத் தாயைப் பெற்ற பாட்டி பெயர். அடுத்தவளுக்குத் தந்தையைப் பெற்ற பாட்டி பெயர். மூன்றாமவளுக்குத் தாய் பெயர். பாட்டன் பெயரைத் தாங்குதலாற் பெயரன், அதுவே பேரன் என்று மருவிற்று என ஆண்டுதோறும் மாணாக்கர்க்குச் சொல்லும் எமக்கு இதனைப் படித்தபோது உண்டான மகிழ்ச்சி பெரிது. இது சட்டமன்று, வழக்கே. எனினும் பிள்ளைகளின் பெயர்வரிசையைக் கொண்டு ஏட்டில் இல்லாத பாட்டன் பெயரையும் ஒருவாறு உய்த்துணரலாம். முதற் குழந்தை இறந்துவிடின் அடுத்துப் பிறந்ததற்கும் அப்பெயரையே இடுவர். ஒரே வீட்டில் இரண்டு ஜான் எழுதியிருப்பது கண்டு மயங்கலாகாது. இடர் வேறொன்று. வில்லியம் கன் என்பானுக்கு ஐந்து மகன்கள் எனக் கொள்வோம். ஐவரும் தத்தம் தலைமகனுக்குப் பாட்டன் பெயரிட்டால் ஒரே பாரிஷில் ஒரே காலத்தில் ஐந்து வில்லியம் கன். இவருள் நம் முன்னோன் எவன்? சிற்றூரின் பெயரையும், பண்ணையின் பெயரையும், ஊரார் இட்ட பட்டப்பெயரையும் கொண்டே பிரித்தறிதல் வேண்டும். வடகிழக்குக் கடற்கரை மீனவர் ஊர்களில் பட்டப்பெயரை அரசினர் பட்டிகளிலுமே எழுதினர்.

இனிக் கில்டோனானுக்கு வருவோம். ஸ்காட்லாந்தின் வடகோடியில் சதர்லாந்து என்னும் கோட்டம். அதன் கிழக்குப் பகுதியில் ஹெம்ஸ்டேல் ஆறு பாயும் நீண்ட பள்ளத்தாக்கு. தோனான் என்னும் திருத்தொண்டர் பெயரால் அமைந்த கோயிலே கில்டோனான். 'கில்' என்பது அவர்தம் கேலிக் மொழியிற் கோயில். ஆற்றின் இருமருங்கும் சிற்றூர்கள். கல்லும் புற்கரணையும் கொண்டு கட்டிய வீடுகள். வாற்கோதுமை, உருளைக்கிழங்கு, சிறு கறுப்புக் கால்நடை. கன், பானர்மன், மதீசன், போல்சன், மக்கே, சதர்லாந்து என்பன அங்கு வாழ்ந்த குடிப்பெயர்கள். 1811-இல் எடுத்த கணக்கில் அப்பாரிஷின் மக்கள் 1,574. இருபதாண்டு கழித்து, 1831-இல் 257.

கொள்ளைநோயன்று, போருமன்று. நிலத்துக்குரியவர் சதர்லாந்துக் கோமாட்டியார். அவருடைய நிலத்தை ஆளவந்தோர், உழவரை அகற்றிச் செவியட் என்னும் இன ஆடுகளை மேயவிட்டால் குத்தகை பன்மடங்கு ஏறும் எனக் கணக்கிட்டனர். 1813-இல் கில்டோனான் மக்கள் எதிர்த்து நின்றனர், நிலம் பார்க்க வந்தோரை விரட்டினர், படை வந்தது. பயன் என்ன? 1819-இல் பள்ளத்தாக்கு ஏறக்குறைய வெறுமையாயிற்று. இதில் மனத்தைச் சுடுவது ஒன்றுண்டு. அக்கோமாட்டியார் அம்மக்களுக்குப் புறத்தார் அல்லர். சதர்லாந்துக் குலத்தின் தலைவி. குலத்தலைவர் தந்தை போல்வார், குடிகள் மக்கள் போல்வார் என்று அவர்கள் வழிவழியாக நம்பியிருந்தனர். 1799-இல் அக்குடும்பத்தின் பொருட்டுப் படை திரட்டியபோது, நிலம் நம் கையில் நிலைக்கும் என்று நம்பித் தம் பிள்ளைகளைத் தந்தனர். ஒரே குலப்பெயர் தாங்கியவர் ஒரே குலப்பெயர் தாங்கியவரை வெளியேற்றினர். குலம் என்ற சொல்லை மேடையில் இனிதாக மொழியும் நாம் இவ்விடத்தை விரைந்து கடத்தல் நன்றன்று.

வெளியேறியோர் எங்குச் சென்றனர்? பலர் ஆற்றின் முகத்துவாரத்தில் ஹெம்ஸ்டேல் என்னும் புதிய மீன்பிடி ஊருக்குத் தள்ளப்பட்டனர்; கலப்பை பிடித்த கை வலை பிடித்தது. ஏறத்தாழ நூற்றுவர் 1813-இல் செல்கர்க் பிரபுவின் ஏற்பாட்டில் கப்பலேறிக் கனடா சென்றனர். கப்பலில் காய்ச்சல் கண்டு பலர் மாண்டனர். குறித்த துறையில் இறக்காமல் வடக்கே சர்ச்சில் என்னுமிடத்தில் இறக்கினர். அங்கே கொடும் பனிக்காலத்தைக் கழித்து, 1814-இன் வேனிற்றொடக்கத்தில் இளைஞரும் மங்கையருமாக ஒரு கூட்டம் பனிமேல் நடந்தே யார்க் துறையை அடைந்து, பின் சிவப்பாற்றங்கரை சேர்ந்தது. அங்கு அமைந்த குடியேற்றத்திற்கும் கில்டோனான் என்றே பெயர். இன்று வின்னிபெக் நகரத்தின் பகுதியாக உள்ளது. 1957 முதல் 1963 வரை கனடாவின் தலைமை அமைச்சராயிருந்த ஜான் டீஃபன்பேக்கரின் தாய்வழி முன்னோர் அக்கூட்டத்தில் வந்த பானர்மன் குடியினரே. 1869-இல் அந்தப் பள்ளத்தாக்கில் பொன் கிடைக்கிறதென்று கேட்டு நூற்றுக்கணக்கானோர் ஓடிவந்து ஆற்றை அரித்தனர் என்பதும் ஒரு செய்தி. அம்மக்கள் போய் ஐம்பதாண்டு கழிந்தபின் பொன்!

இங்ஙனம் ஊரே இல்லாத ஊரில் ஒருவன் தன் முன்னோரைத் தேடுவது எப்படி? ஹெம்ஸ்டேலிலிருந்து தொடங்குவான். 1851-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் ஒரு கிழவியின் பெயருக்கு எதிரே, பிறந்த இடம் கில்டோனான் என்றிருக்கும். 1841-ஆம் ஆண்டுக் கணக்கு அத்துணைப் பயன்படாது. அதிற் பிறந்த பாரிஷைக் கேட்கவில்லை, முதிர்ந்தார் வயதையும் ஐந்தைந்தாகக் குறைத்தெழுதினர். பின் அக்கிழவி இறந்த பதிவைக் கண்டு பெற்றோர் பெயரை அறிவான். அப்பெயரைக் கொண்டு கில்டோனான் திருமுழுக்கு ஏட்டில் நுழைவான். கிடைத்தால் தந்தை வாழ்ந்த சிற்றூரின் பெயரும் உடன் கிடைக்கலாம். அதற்கு மேல் ஏடு உதவாது. உதவுவது எது தெரியுமா? அவர்களை வெளியேற்றிய அதே குடும்பத்தின் கணக்குக் கட்டுகள். எந்தச் சிற்றூரில் யார் யார் எவ்வளவு குத்தகை கொடுத்தனர், யாருக்கு வெளியேறும் ஆணை சென்றது, யார் விண்ணப்பம் இட்டனர் என்பவையெல்லாம் அக்கட்டுகளில் உள. அவை இன்று எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்திற் காக்கப்படுகின்றன. உழவன் தன்னைப் பற்றி ஓர் எழுத்தும் எழுதி வையாதபோது, அவனை அகற்றியவன் எழுதிய பட்டியே அவன் பெயரைக் காத்தது. கில்டோனான் குருவானவரின் மகன் டானல்டு சேஜ் என்பார் தம் இளமைக்கால ஊரையும் மக்களையும் பற்றி எழுதிய நினைவுநூல் 1889-இல் வெளிவந்தது. ஏட்டில் வெறும் பெயராக நிற்போர் பலர் அதில் ஆளாக நடமாடுகின்றனர்.

அந்நாட்டாரும் பெருமை விரும்பாதவர் அல்லர். குலத்துக்கோர் வண்ணக் கட்டத் துணி பழங்காலம் முதல் உண்டு என்று காட்டும் நூலொன்று 1842-இல் வெளிவந்தது. பழஞ்சுவடியிலிருந்து எடுத்தது என்றனர். பின்னர் அது புனைவு என்பது வெளியாயிற்று. ஆயினும் துணி விற்பனை நின்றபாடில்லை. மெக்கன்சி என்று பெயர் கொண்டோர் அனைவரும் மெக்கன்சித் தலைவனின் குருதி என்று எண்ணுதலும் அத்தகையதே. தலைவன் நிலத்தில் வாழ்ந்த குடியானவன் புகலிடம் வேண்டி அவன் பெயரைத் தனக்கும் இட்டுக்கொண்டது மிகுதி. சேர சோழ பாண்டியருள் ஒருவரையேனும் நம் நூலின் முதற்பக்கத்தில் ஏற்றவேண்டும் என்று விரும்பும் அன்பர்கள் நம்முள்ளும் உளர். அவர்கள் எம்மீது சினவாதிருக்க வேண்டுகிறோம். முந்நூறு ஆண்டுக்கு முன் ஏர் பிடித்தவன் ஒருவனின் பெயரும் ஊரும் ஐயமின்றிக் கிடைத்தால், சான்றில்லா மன்னன் ஒருவனினும் அவனை முதற்பக்கத்தில் வைப்பதே யாம் விரும்புவது.

இன்னும் ஒன்று, இதுவே செயற்குழுவில் மிகுந்த கருத்து வேறுபாட்டை விளைத்தது. பாரிஷ்தோறும் மூப்பர் மன்றத்தின் நடவடிக்கைக் குறிப்புகள் உண்டு. மணமாகாத பெண் கருவுற்றால் மூப்பர் அவளை அழைத்துத் தந்தை யாவன் என்று வினவுவர், அவனையும் அழைப்பர், குற்றம் ஒப்பினோர் சபை நடுவே தனி இருக்கையில் பல ஞாயிற்றுக்கிழமை அமர்ந்து கண்டனம் கேட்பர். கொடிய வழக்கந்தான். ஆயினும் தந்தை பெயரறியாக் குழந்தை பலவற்றின் தந்தையை அக்குறிப்பே இன்று காட்டுகின்றது. தன் கொள்ளுப்பாட்டி அவ்விருக்கையில் அமர்ந்தவள் என்று அறிந்தவர் சிலர் வெட்கி நூலை மூடினர்; வேறு சிலர், மலைக்காட்டில் தனித்துப் பிள்ளையை வளர்த்தெடுத்த அவள் பெயரைப் பெருந்தலைப்பில் எழுதினர். நம் நூலில் இத்தகைய செய்தி வந்தால் என் செய்வது என்பதே வினா. பொய்ப்பெயர் எழுதி நிரப்புதல் கூடாது என்பது எம் கருத்து. இரண்டாந்தாரத்தின் மக்களை விட்டொழித்தல், வேற்றிடத்து மணம் செய்தார் பெயரை அறுத்தல் இவையும் கூடா. உயிரோடிருப்பார் மனம் நோகாமைக்கு அந்நாட்டார் ஒரு வழி வைத்துள்ளனர்: பிறப்புப் பதிவு 100 ஆண்டும், மணப்பதிவு 75 ஆண்டும், இறப்புப் பதிவு 50 ஆண்டும் கழிந்த பின்னரே இணையவழி அனைவர் பார்வைக்கும் வைக்கின்றனர். குடிமதிப்பும் நூறாண்டு மூடிவைக்கப்படும். 1921-ஆம் ஆண்டினது 2022-இற்றான் திறந்தது. இவ்வெல்லையையே நம் நூலுக்கும் கொள்ளலாம் என்று யாம் செயற்குழுவிற்கு எழுதிக் கொடுத்துள்ளோம். அதற்கு உட்பட்டவை சங்கப் பெட்டியிற் கட்டி வைக்கப்படும், அச்சில் ஏறா.

குடும்பந்தோறும் வினாத்தாள் ஒன்று இன்று வாயிலில் வழங்கப்படுகின்றது. அதிலே தந்தைவழிக்கு எத்தனை கட்டமோ தாய்வழிக்கும் அத்தனை கட்டம் இட்டுள்ளோம். வீட்டில் மிக முதிர்ந்த அம்மையாரிடமே முதலிற் கேட்டு எழுதுக. அவர் சொல்லும் ஊர்ப்பெயரும் பட்டப்பெயரும் பிழைபோலத் தோன்றினும் திருத்தாமல் அவர் சொன்னவாறே எழுதுக. சொன்னவர் பெயரையும் அடியிற் குறிக்க. தெரியாத கட்டத்தை வெறுமையாக விடுக. பங்குனித் திங்கள் முடிவதற்குள் சங்க அலுவலகத்திற் சேர்ப்பிக்குமாறு வேண்டிக்கொண்டு அமைகின்றோம்.